அன்னமா, ஓட்டைக் குடமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சயின்ஸா, காமர்ஸா?" என்பதுதான். பிள்ளை எப்படிக் கற்கிறான், எந்த வேலையில் மனம் ஒன்றுகிறது என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்கவில்லை.

என் மூத்த மகன் புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிஷத்தில் மூடிவிடுவான். "நீ ஓட்டைக் குடம்டா" என்று திட்டித் திட்டியே பொறியியலில் சேர்த்தேன். இரண்டே வருஷத்தில் படிப்பு நின்றது. பிறகு பாத்திரக் கடையில் என்னோடு உட்கார்ந்தான். ஒருமுறை காதில் விழுந்த கொள்முதல் விலையை அவன் மறந்ததே இல்லை.

'ஓட்டைக் குடம்' நான் நன்னூலில் கற்ற சொல். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் என்ற சமணத் துறவி செய்த இலக்கணம் அது. பாலை மட்டும் பிரிக்கும் அன்னம், வயிறார மேய்ந்து பிறகு அசைபோடும் பசு இரண்டும் முதல் மாணாக்கர். உழைப்புக்கேற்ப விளையும் மண், சொன்னதைச் சொல்லும் கிளி இரண்டும் இடை. ஓட்டைக் குடம், நுனிப்புல் மேயும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் பன்னாடை நான்கும் கடை.

பட்டியலை வசைக்கு எடுத்துக்கொண்ட நான், அதே பாயிரத்தில் உள்ள இன்னொரு கணக்கைக் கவனிக்கவில்லை. ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் கால் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்வதால் மீதி அரைப் பங்கு புலமை வருமாம். அப்படியானால் கேட்டதை மறக்கிற பிள்ளையிடம் இன்னும் முக்கால் பங்கு பாக்கி இருக்கிறதே!

இக்காலத்தில் 'கண்ணால் கற்பவன், காதால் கற்பவன்' என்று முத்திரை குத்துகிறார்கள். அந்த வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் அமெரிக்க உளவியல் அறிஞர் நால்வர் ஆராய்ந்து எழுதினார்கள். வேலை விருப்பம் வேறு விஷயம். கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்கள் சேவை, வியாபாரம், கணக்கு ஒழுங்கு என ஆறு நாட்டங்களை ஜான் ஹாலண்ட் என்ற அறிஞர் வகுத்தார். தொழில் வழிகாட்டிகள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவரிடம் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

ஆகவே பெற்றோரே, குரூப் எடுக்குமுன் பிள்ளையை ஒரு கடை, ஒரு பட்டறை, ஒரு ஆபீஸ் என்று சில நாள் அனுப்பிப் பாருங்கள். எங்கே நேரம் போவது தெரியாமல் நிற்கிறான் என்று கவனியுங்கள். 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, கலை, அறிவியல் என்ற கறாரான பிரிவினை வேண்டாம் என்கிறது. உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்களைச் சேர்த்து எடுக்கலாம் என்று தயங்காமல் கேளுங்கள்.

என் பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு. "தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் குடும்மா" என்று உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.