பேசத் தொடங்கிய நோயாளர்கள்

ஆலயத்தில் பூசை முடிந்து அன்னதானத்துக்குப் பந்தியில் அமரும்போது எம்மவர் தத்தம் வருத்தங்களைப் பற்றித் தாராளமாகப் பேசிக்கொள்வர். ஒருவருக்குச் சலரோகம், இன்னொருவருக்கு இரத்த அழுத்தம், மற்றவருக்கு முழங்கால் வாதம். எந்த வைத்தியர் கைராசிக்காரர், எந்தக் குளிசை வயிற்றைப் பிரட்டும் என்பதெல்லாம் சாம்பார் வருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் மனச்சிதைவு நோய் மட்டும் அந்தப் பந்திக்கு வருவதில்லை. மூத்த மகனைக் காணவில்லையே என்று யாரும் கேட்டால், “அவனுக்கு வேலை” என்று தாய் சொல்லுவார். மகன் வீட்டில் யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு மூன்று மாதமாக அறையைவிட்டு வெளிவராதிருப்பான்.

நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது என்பது வைத்திய நூல்களின் கணக்கு. பிறந்த நாட்டைவிட்டுப் பெயர்ந்தோரிடையே இது இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் 2005ஆம் ஆண்டில் எழுதினர். ஆகவே ஜேர்மனியில் எம்மவர் வீடுகள் பலவற்றிலும் இந்நோய் உண்டு என்பதை அறியச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. பிறர் கேளாத குரலைக் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக உறுதியாக நம்புவது, எண்ணங்கள் தொடர்பறுந்து போவது, பின்னர் எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிவிடுவது ஆகியன இதன் குறிகள். 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் இதற்கு ‘ஸ்கிசோபிரேனியா’ என்று பெயரிட்டவர் ஒய்கன் புளொய்லர் என்னும் சுவிஸ் வைத்தியர். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகச் சினிமாவில் காட்டுகிறார்களே, அது வேறு.

நோயை மூடி வைக்கும் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் இது ஒருகாலத்தில் அரசாங்கத்தின் கொள்கையாகவே இருந்தது. ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குப் போய்வரும் அடியார்கள் பலர் பீலபெல்ட் நகரை அறிவர். ஹம்மிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரப் பயணந்தான். அங்கே பேதெல் என்னும் பழைய கிறிஸ்தவ மருத்துவ நிலையம் இருக்கிறது. 1936இல் டொரோதெயா புக் என்ற பத்தொன்பது வயதுப் பெண் அங்கே கொண்டுவரப்பட்டார். அவர் ஒரு போதகரின் மகள். குளிர்நீரும் ஈரத்துணிக் கட்டும் படுக்கையும் அவருக்குச் சிகிச்சையாகக் கிடைத்தன. சுவரில் வேதவாக்கியங்கள் இருந்தன. ஆனால் நோயாளியோடு உட்கார்ந்து, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர் ஒருவருமில்லை. பரம்பரை நோய்த் தடுப்பு என்ற பெயரில் 1933இல் இயற்றப்பட்ட நாஜிச் சட்டத்தின்கீழ் அவருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். என்ன சிகிச்சை என்பதைக்கூட அவருக்குச் சொல்லவில்லை. பின்னர் சக நோயாளி ஒருவர் மூலமே அறிந்தார். சிறுவர் பாடசாலை ஆசிரியையாக வரவேண்டும் என்று கனவு கண்டவருக்கு அந்தப் படிப்பும் மறுக்கப்பட்டது. அதே சட்டத்தால் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் இவ்வாறு பிள்ளைப்பேறு இழந்தனர். அதன்பின் வந்த கொலைத் திட்டத்தில் 1941 ஓகஸ்ட் வரையில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்.

டொரோதெயா புக் தப்பினார். 1959 வரை ஐந்து தடவை நோய் வந்து போயிற்று, அதன்பின் வரவில்லை. சிற்பியானார், ஹம்பூர்க்கில் சித்திரக்கலை கற்பித்தார். முதுமையில் அவர் செய்த காரியமே இங்கு முக்கியமானது. 1989இல் ஹம்பூர்க் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் தோமஸ் பொக் என்ற உளவியலாளரோடு சேர்ந்து ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். நோயை அனுபவித்தவர்கள், அவர்களின் உறவினர்கள், வைத்தியரும் தாதியரும் என மூன்று பகுதியினரும் அதில் வட்டமாக அமர்ந்து சரிசமமாகப் பேசுவர். வெள்ளைச் சட்டைக்கு அங்கே தனி ஆசனம் இல்லை. இவ்வகைக் கூட்டங்கள் பின்னர் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்தன. 1992இல் நோய் அனுபவமுடையோரின் தேசியச் சங்கம் அமைந்தபோது அவரும் நிறுவனர்களில் ஒருவர். 2019 ஒக்டோபரில் 102 வயதில் காலமானார். பிள்ளைபெறத் தகுதியில்லாதவர் என்று ஓர் அரசு தீர்ப்பெழுதிய பெண்ணுக்கு அதே நாடு 1997இல் தேசிய விருது வழங்கியது!

ஹம்பூர்க்கில் இது நடந்துகொண்டிருக்க, மூனிச் நகரில் வைத்தியர் யோசெப் பொய்ம்லும் உளவியலாளர் கப்ரியேலெ பிட்செல்வால்ற்சும் இன்னொரு வழியில் போனார்கள். நோயைப் பற்றி நோயாளிக்கே குழுவாகக் கற்பிப்பது அவர்கள் வழி. ‘உளக்கல்வி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1990களின் முற்பகுதியில் 236 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு எட்டு வகுப்புகள் நடத்தினர். அவர்களின் உறவினருக்கும் தனியாக எட்டு வகுப்புகள். மறுபகுதியினருக்கு வழக்கமான வைத்தியம் மட்டுமே. இரண்டு வருடங்களுக்குள் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் வகுப்புக்கு வராதோரில் நூற்றுக்கு 58, வந்தோரில் 41. அவர்களுள் 48 பேரை ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது அது 88க்கு 54 ஆக இருந்தது. எட்டே வகுப்புகளுக்கு இது பெரிய பலன்தான். 2019இல் வெளியான ஜேர்மன் மனநல வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி நூலும், இந்நோயுள்ள எவருக்கும் இக்கல்வியைக் கூடியவரை குழுவாக, உறவினரையும் சேர்த்து வழங்கவேண்டும் என்று விதித்துள்ளது.

வகுப்பிலே என்ன நடக்கிறது? எட்டுப் பத்துப் பேர் கதிரைகளை வட்டமாகப் போட்டு அமர்வார்கள். முதலில் நோயின் பெயரைச் சொல்லவே பலருக்கு நா எழாது. நடத்துபவர் ஒரு பாத்திரத்தைக் கரும்பலகையில் வரைவார். சிலருக்குப் பிறவியிலேயே பாத்திரம் சிறியது. நித்திரையின்மை, வேலைநீக்கம், விசா பற்றிய பயம், கஞ்சா, குடும்பச் சண்டை என்று ஊற்ற ஊற்ற அது விரைவில் நிரம்பி வழிகிறது. குற்றம் தாயின் வளர்ப்பிலும் இல்லை, பிள்ளையின் குணத்திலும் இல்லை என்பதை இந்த ஒரு படம் உணர்த்திவிடும். அடுத்து மூளையில் டோபமின் என்ற பொருளின் வேலை, குளிசை அதில் என்ன செய்கிறது, உடம்பு பருப்பது, கை நடுங்குவது, சோர்வு முதலிய பக்கவிளைவுகள். அவற்றை மறைக்காமல் சொல்வது இக்கல்வியின் சிறப்பு. குளிசையைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் ஆபத்தும், வைத்தியரோடு பேசி அளவைக் குறைக்கும் முறையும் அங்கேயே சொல்லப்படும்.

பின்னர் வருவதுதான் மிகப் பயனுள்ள பகுதி. ஒவ்வொருவரும் தமது நோய் திரும்பி வருமுன் காட்டும் அறிகுறியைத் தாமே கண்டுபிடித்து எழுதவேண்டும். ஒருவருக்கு இரண்டு இரவு தூக்கம் கெடும். இன்னொருவருக்குத் தொலைக்காட்சியில் பேசுபவர் தன்னையே பார்ப்பதுபோலத் தோன்றும். வேறொருவர் சாப்பாட்டை முகர்ந்து பார்க்கத் தொடங்குவார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு. அந்த ஆளிடம் மட்டுமே இருப்பது. அறிகுறி வந்தால் யாரை அழைப்பது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைப்பார்கள். தனக்கு மட்டும் கேட்கிறது என்று பத்து வருடம் நினைத்திருந்த குரலைப் பக்கத்துக் கதிரைக்காரரும் கேட்கிறார் என்று அறியும் நொடியில் ஒருவருக்கு உண்டாகும் ஆறுதலை எந்த வைத்தியராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கல்வி என்ற சொல்லிலே ஓர் ஆபத்தும் உண்டு. வைத்தியர் மேலிருந்து பேச, நோயாளி கீழிருந்து தலையாட்ட, ‘குளிசையை ஒழுங்காகப் போடு’ என்பதோடு வகுப்பு முடிந்துவிடக்கூடும். அப்படி நடந்தால் அது பேதெலின் மௌனத்துக்கு மாற்றாகாது. போஸ்டன் பேராசிரியர் வில்லியம் அந்தனி 1993இல் ‘தேறுதல்’ என்பதற்குப் புதுப்பொருள் கூறினார். நோய்க்குறி முழுவதும் நீங்காவிட்டாலும் ஒருவர் தமக்குத் திருப்தியும் நம்பிக்கையும் தரும் வாழ்வை அமைத்துக்கொள்வதே தேறுதல் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கணக்கு இதைக் காட்டாது. இப்போது ஜேர்மனியின் பல மனநல நிலையங்களில், தாமே நோய்ப்பட்டுத் தேறியவர்கள் பயிற்சிபெற்றுச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். 2005இல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டமொன்றிலிருந்து இப்பயிற்சி வளர்ந்தது. அவர்களும் வகுப்பை நடத்தும் இடங்களில், “நீங்கள் எப்படி வேலைக்குத் திரும்பினீர்கள்?” என்ற கேள்விக்குச் சொந்தப் பதில் கிடைக்கிறது.

நேர்த்தியும் அருச்சனையும் இதற்கு எதிரானவையா? தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் வைத்தியர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் எழுதினர். பெரும்பாலோர் மனச்சிதைவு உள்ளவர்கள். விசேட சடங்கு ஒன்றும் அங்கில்லை. உறவினர் ஒருவர் கூடவே தங்குவார், நோயாளி கோயிலைக் கூட்டுவார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். சில வாரங்களில் நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆயினும், அச்சுறுத்தாத ஆதரவான சூழலே காரணம் என்ற அவர்களின் முடிவு கவனிக்கத்தக்கது. அதே தமிழ்நாட்டில், ஏர்வாடியில், 2001 ஓகஸ்டில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் அகப்பட்டு 28 பேர் மாண்டனர். எனவே புனிதத் தலத்தின் பெயர் மாத்திரம் காப்பாற்றாது. சென்னையில் வைத்தியர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ப்’ நிறுவனம் குடும்பத்தினரைச் சிகிச்சையின் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது.

எம்மவருக்கு ஜேர்மனியில் உள்ள பெருந்தடை மொழி. கடைக்கும் தொழிற்சாலைக்கும் போதுமான டொச், ‘எனக்குள் ஒரு குரல் கட்டளையிடுகிறது’ என்று சொல்லப் போதாது. மொழிபெயர்ப்பாளர் செலவை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதனால் பன்னிரண்டு வயது மகள் தாயின் பயங்கரங்களை வைத்தியருக்கு மொழிபெயர்க்கிறாள். இது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தாயும் பிள்ளை முன்னிலையில் பாதியை விழுங்கிவிடுவார். தமிழிலேயே ஒரு குழு நடக்குமானால் இந்த இடர் இல்லை. அதற்கு வட்டமாகப் போட ஒரு டசின் கதிரையும், பயிற்சி பெற்ற ஒருவரும், வாரத்தில் ஒரு மாலையும் வேண்டும். ஆலய மண்டபங்கள் வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன.

மற்றத் தடை கலியாணம். அண்ணனுக்கு நோய் என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது என்ற பயம் பொய்யன்று. ஆனால் மறைப்பதற்காக வைத்தியத்தைப் பிற்போடும் வீடுகளில் நோய் முற்றி, ஒருநாள் பொலிசார் படியேறி வரும்போது முழுத் தெருவுக்கும் தெரிந்துவிடுகிறது. வைத்தியரும் உளவியலாளரும் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். மற்றவருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ முதலாளிக்கோ அவர்கள் சொல்ல இயலாது.

முதற்படியாக, குடும்ப வைத்தியரிடமோ நகரின் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த ‘சோட்சியல்ப்சிகியாட்ரிஷர் டீன்ஸ்ட்’ என்னும் சமூக மனநலச் சேவையிடமோ கேட்கலாம். பின்னதற்குக் கட்டணமில்லை. நோயாளி வர மறுத்தாலும் உறவினர் தனியாகச் சென்று ஆலோசனை பெறலாம். உறவினருக்கான குழு எங்கே நடக்கிறது என்பதையும் அங்கே கேட்டறியலாம். உயிராபத்தான வேளையில் 112ஐ அழைக்கவேண்டும்.