வழிகாட்டும் கருவி ஏன் தயங்குகிறது?

தாம் நிற்கும் இடம் இன்னதென அறிய விரும்பி ஒருவர் ஜி.பி.எஸ். கைக்கருவியை எடுக்கிறார். அதுவோ, ‘கோள்களைத் தேடுகிறேன்’ என்னும் ஒரே விடையைப் பத்து நிமிஷமாகத் தந்துகொண்டிருக்கிறது. பொறுமை இழந்தவர் கருவியை அணைக்கிறார், மீண்டும் முடுக்குகிறார், அங்குமிங்கும் நடந்து பார்க்கிறார், இறுதியில் அது பழுதென்று முடிவு கட்டுகிறார். பெரும்பாலும் கருவியில் பழுது இராது. அது செய்துகொண்டிருந்த வேலை இடையிற் கெட்டுவிட்டது என்பதே உண்மை. அந்த வேலை யாது, அதற்கு எவ்வளவு காலம் வேண்டும், அது விரைவில் முடிய நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இங்கே காண்போம்.

ஜி.பி.எஸ். அமைப்பு அமெரிக்க அரசுக்கு உரியது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அதன் செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கோளும் ஓயாமல் இரண்டு செய்திகளை ஒலிபரப்புகிறது: ‘இப்பொழுது மணி இது, நான் இருக்கும் இடம் இது.’ அந்த அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு அளவே ஆகும். அந்தக் கால அளவைக் கொண்டு கோள் எவ்வளவு தொலைவில் உள்ளதெனக் கருவி கணிக்கிறது. கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும். ஆதலால் இடத்தை அறிய மூன்று கோள்களும், கருவியின் சிறு கடிகாரத்தைத் திருத்த மற்றொன்றுமாக நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

கோள்கள் அலைபரப்பும் சக்தி சில பத்து வாட் அளவேயாகும். வீட்டில் எரியும் ஒரு பழைய மின்விளக்கின் அளவு எனலாம். அது அவ்வளவு தொலைவைக் கடந்து வருவதற்குள், சுற்றியுள்ள இரைச்சலினும் தாழ்ந்த முணுமுணுப்பாகிவிடுகிறது. சொந்த ஊரை விட்டு வெகுதூரம் வந்து, சிற்றலையில் தமிழ் நிகழ்ச்சியைத் தேடிய அனுபவம் உடையவர்கள், இரைச்சலுக்கிடையே தெரிந்த குரலைப் பிடிப்பது எத்தகைய வேலை என்பதை நன்கு அறிவர். கோளோ விநாடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது. அதனால், விரைந்து வரும் ரயிலின் ஊதலொலி மாறிக் கேட்பதுபோல, அதன் அலைவரிசையும் சிறிது மாறிவிடுகிறது. எந்தக் கோளை, எந்த அலைவரிசையில் தேடுவது என்பது முன்னரே தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிடின் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும்.

அதைத் தெரிவிப்பவை இரண்டு குறிப்புகள். முதலாவது, ‘அல்மனாக்’ எனப்படுவது. இதனைப் பஞ்சாங்கம் என்றே தமிழில் கூறிவிடலாம். எல்லாக் கோள்களும் எவ்வேளையில் வானின் எப்பகுதியில் இருக்கும் என்பதை அது தோராயமாகச் சொல்லும். பல வாரங்களுக்குப் பயன்படும். இரண்டாவது, ‘எபிமெரிஸ்’ எனப்படும் நுண்கணக்கு. ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத்தை மிகத் துல்லியமாகக் கூறுவது இது. சுமார் நான்கு மணி நேரத்திற்கே செல்லும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு, முகூர்த்த வேளைக்கு நுண்கணக்கைக் கேட்பதை இது ஒக்கும். முன்னதைக் கொண்டு கருவி தேடுகிறது; பின்னதைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது.

இவ்விரண்டையும் கோள்களே ஒலிபரப்புகின்றன. ஆனால் மிக மெதுவாக, விநாடிக்கு 50 குறிகள் வீதமே அனுப்புகின்றன. நுண்கணக்கு 30 விநாடிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். முழுப் பஞ்சாங்கமும் வந்து சேர 12½ நிமிஷம் ஆகும். இடையில் ஒரு மரமோ சுவரோ மறைத்துச் சில குறிகள் தவறிவிட்டால், அப்பகுதி மறுபடியும் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். வானொலியில் தலைப்புச் செய்தியைத் தவறவிட்டவர் அடுத்த செய்தியறிக்கை வரை காத்திருப்பது போன்றது இது. கருவி எவ்வளவு புதியதாயினும் கோள் பேசும் வேகம் மாறாது.

இப்போது தாமதத்தின் காரணம் விளங்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் அணைத்த கருவியிடம் நுண்கணக்கு இருக்கிறது. சில விநாடிகளில் விடை தரும். நேற்றிரவு அணைத்ததிடம் பஞ்சாங்கமும் சரியான மணியும் உள்ளன. அரை நிமிஷம் அல்லது சற்று அதிகம் பிடிக்கும். ஆனால் சென்னையில் அணைத்துப் பெட்டியில் வைத்த கருவியைப் பல மாதங்களுக்குப் பின் டில்லியில் எடுத்தால், பஞ்சாங்கம் பழையது, கடிகாரம் பிசகியிருக்கலாம், இடமோ நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர் மாறிவிட்டது. கருவி தன்னை இன்னும் சென்னையிலேயே இருப்பதாக எண்ணித் தேடத் தொடங்கும். பழைய கருவிகளுக்கு அப்போது கால் மணி நேரமும் ஆகக்கூடும். வேலையை முன்னிட்டும் விடுமுறையை முன்னிட்டும் நெடுந்தொலைவு பயணம் செய்யும் நம்மவர்க்கு இது அடிக்கடி நேரத்தக்கது.

கைபேசியில் இத்தாமதம் காணப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. நுண்கணக்கை அது கைபேசிக் கோபுரத்தின் வழியாக விரைவில் பெற்றுவிடுகிறது. கோபுரத்தின் தொடர்பு எட்டாத மலையிலோ காட்டிலோ அதுவும் கோளின் மெதுவான குரலையே நம்பியிருக்க வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, திறந்த வெளி. வீட்டின் உள்ளும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் தேடுவது வீண். மழையில் நனைந்த அடர்ந்த இலைகளும், நம் உடலுங்கூட இந்த அலைகளை மறைக்கும். இரண்டாவது, அசையாமை. முதல் விடை கிடைக்கும் வரையில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பஞ்சாங்கம் பழையதாயின் கால் மணி நேரம் விட்டுவைப்பது நலம். மூன்றாவது, பிடிக்கும் முறை. தட்டையான வானலை வாங்கி உடைய கருவியை முகம் வானை நோக்கக் கிடையாகவும், மேலே குமிழ்போல் நீண்ட வாங்கி உடையதை நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். நான்காவது, கோள்களைக் காட்டும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் வெற்றுக் கோடு, குரல் கேட்டுவிட்டது, கணக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்படும். நிறைந்த கோடு, கணக்கு முழுதும் வந்துவிட்டது என்பதைக் காட்டும். வெற்றுக் கோடுகள் தோன்றிய பின் அணைப்பது, பாதி சமைத்த உலையைக் கவிழ்ப்பதாகும்.

இவற்றாலும் பயனில்லையெனில், கருவி காட்டும் தேதியைக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்திற்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நிகழ்ந்தது. அடுத்தது 2038 நவம்பரில் நிகழும். பழைய கருவி இருபது ஆண்டு பிந்திய தேதியைக் காட்டினால், உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய மென்பொருள் உண்டா எனப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் தேடுமாயின், நினைவையும் கடிகாரத்தையும் காக்கும் உள் மின்கலம் தீர்ந்திருக்கலாம். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாட்டின் நாவிக் முதலிய அமைப்புகளையும் கேட்கவல்ல கருவியாயின், அவ்வசதியை முடுக்கிவிடுதல் குறுகிய பள்ளத்தாக்குகளில் பெரிதும் உதவும். நினைவு முழுவதையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது கடைசி முயற்சியாகவே இருத்தல் வேண்டும். ஏனெனில் அதனோடு பஞ்சாங்கமும் அழிந்துபோகும்.

சில நிமிஷத் தாமதத்தை இவ்வளவு பாராட்ட வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். பத்ரிநாதருக்கும் கேதாரத்திற்கும் நம்மவர் பலர் யாத்திரை செல்கின்றனர். 2013 ஜூனில் மந்தாகினிப் பள்ளத்தாக்கில் வெள்ளம் பெருகியபோது பல்லாயிரவர் வழியின்றி மலைகளிற் சிக்கினர். அத்தகைய வேளையில் உதவிக்கு வருவோர் கேட்கும் முதற் கேள்வி, ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்பதே. வழக்கு மொழி முற்றும் பழகாத நாட்டில், பெயர் தெரியாத ஒரு சரிவை வாய்ச்சொல்லால் விளக்குவது அரிது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நிதானமாகப் படித்துச் சொல்வதோ எவர்க்கும் இயலும். எண்களுக்கு உச்சரிப்புக் குழப்பம் குறைவு. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். கோள்களை இன்னும் பிடிக்காத கருவி, முன்பு அறிந்த பழைய இடத்தையே திரையிற் காட்டிக்கொண்டிருத்தல் உண்டு. கோள்கள் கிடைத்துவிட்டன என்பதை உறுதி செய்த பின்னரே எண்களைச் சொல்ல வேண்டும். பிழையான எண், எண் இல்லாமையினும் கேடானது.

ஆகவே, புதிய ஊருக்குச் சென்று சேர்ந்ததும், தேவை நேரும் முன்பே, ஒரு காலை வேளையில் கருவியைத் திறந்த மாடியில் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். கைபேசியாயின், கோபுரத் தொடர்பு உள்ள இடத்திலேயே வரைபடத்தை ஒருமுறை திறந்து, தம் இடம் தோன்றக் கண்டபின் புறப்படுங்கள். நீண்ட யாத்திரையெனில் ஒவ்வொரு நாள் காலையிலும் இதனைச் செய்யலாம். அமைதியான வேளையில் அளிக்கும் அச்சிறு அவகாசம், இடுக்கண் நேரும்போது நமக்குத் திரும்பக் கிடைக்கும்.