22 வயதில் தூதர்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஓரம் சான்சிபார் என்ற தீவு இருக்கிறது. கிராம்புக்குப் பேர்போன தீவு. 1942ஆம் ஆண்டு அங்கே சலீம் அகமது சலீம் பிறந்தார்.

1964இல் சான்சிபாரில் புரட்சி நடந்தது. சுல்தான் ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு அந்தத் தீவு தங்கனிகா நாட்டோடு சேர்ந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் தான்சானியா. அந்த ஆண்டே சலீம் எகிப்துக்குத் தூதராகப் போனார். அப்போது அவருக்கு வயது 22!

தூதர் என்பவர் யார்? தம் நாட்டின் சார்பில் இன்னொரு நாட்டில் தங்கிப் பேசுபவர். அவர் சொல்வதை அவருடைய நாடே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அளந்து பேச வேண்டும்.

1965இல் சலீம் நம் இந்தியாவுக்குத் தூதராக வந்தார். 1968 வரை இருந்தார். டில்லி ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படிக்கவும் செய்தார். தூதரானாலும் படிப்பு விடவில்லை, பாருங்கள்.

1970 முதல் 1980 வரை அவர் ஐ.நா. சபையில் தான்சானியாவின் தூதர். அப்போது ஆப்பிரிக்காவில் பல நாடுகள் இன்னும் அடிமைப்பட்டுக் கிடந்தன. அடிமை நாடுகளின் விடுதலைக்காக ஐ.நா.வில் ஒரு குழு இருந்தது. 1972 முதல் அதற்குச் சலீம் தலைவர். 1975இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன. 1980இல் சிம்பாப்வே விடுதலை பெற்றது.

1971இல் ஐ.நா.வில் மக்கள் சீனத்துக்கு இடம் கிடைத்தது. அதற்காகத் தான்சானியா முன்னின்று பாடுபட்டது. அமெரிக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1981இல், ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்குச் சலீம் போட்டியிட்டார். பாதுகாப்புச் சபையில் 15 நாடுகள். 9 வாக்கு வேண்டும். ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று 'கூடாது' என்றாலும் போதும், தேர்வு நடக்காது. இதற்கு 'வீட்டோ' என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தில் ஐந்து பேருக்கு மட்டும் இப்படி உரிமை கொடுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சலீமுக்குப் போதிய வாக்கு விழுந்தது. அமெரிக்கா 'கூடாது' என்றது. பழைய பொதுச் செயலாளர் வால்டைமைச் சீனா தடுத்தது. ஆறு வாரம் இழுபறி. கடைசியில் இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பெரு நாட்டுக்காரர் ஒருவருக்குப் பதவி போயிற்று.

சலீம் ஊர் திரும்பினார். 1984இல் பிரதமரானார். 1989இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச் செயலாளரானார். 2001 வரை, 12 ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். 1994இல் தென்னாப்பிரிக்கா நிறவெறி ஆட்சியிலிருந்து மீண்டு, அந்த அமைப்பில் சேர்ந்தது. அதே ஆண்டு ருவாண்டாவில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அந்த அமைப்பால் அதைத் தடுக்க முடியவில்லை.

பதவி முடிந்த பிறகும் அவரைச் சமாதானம் பேச அழைத்தார்கள். சூடானில் டார்பூர் சண்டையை நிறுத்த 2005, 2006இல் நைஜீரியாவில் பேச்சு நடத்தினார். உடன்பாடு வந்தது. எல்லாப் படைகளும் கையெழுத்துப் போடவில்லை. சண்டை தொடர்ந்தது.