177 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த பேரல்லி

விக்டோரியா பொலிவியானா, தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டு நீர்நிலைகளில் வளரும் ராட்சத அல்லி. அல்லிக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய செடி உலகில் இல்லை. பொலிவியாவின் லா ரின்கொனாடா தோட்டத்தில் வளர்ந்த ஓர் இலையின் அகலம் 3.2 மீட்டர், அதாவது பத்தரை அடி. இத்தனை பெரிய தாவரம் தனியொரு சிற்றினம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது 2022 ஜூலை 4 அன்றுதான். ஆனால், அதன் உலர்ந்த மாதிரிகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் உலர்தாவரத் தொகுப்பில் 177 ஆண்டுகளாகவும், பொலிவிய தேசியத் தொகுப்பில் 34 ஆண்டுகளாகவும் இருந்துவந்தன. ஒரு செடி கண்ணில் படுவது வேறு, அது இன்னதென்று அறியப்படுவது வேறு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இந்த அல்லியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இலையும் பூவும்

விக்டோரியா பேரினத்துச் செடிகள் சேற்றில் வேரூன்றி, நீண்ட காம்புகளின் உச்சியில் வட்டமான இலைகளை நீர்ப்பரப்பில் விரிக்கின்றன. வளர்ந்த இலையின் விளிம்பு தாம்பாளத்தின் விளிம்பைப்போல மேல்நோக்கி மடிந்து நிற்கும். அந்த விளிம்பில் எதிரெதிராக இரண்டு பிளவுகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். இலைப்பரப்பிலுள்ள நுண்துளைகளும் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கின்றன.

இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் வலிமை விளங்கும். நடுவிலிருந்து தடித்த நரம்புகள் நாலாபுறமும் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. நரம்புகளுக்குள் காற்றறைகள் இருப்பதால் இலை மிதக்கிறது. நரம்புகள் மீதும் காம்பு மீதும் கூரிய முட்கள் அடர்ந்திருக்கும். இங்கிலாந்தில் 1849 நவம்பரில் விக்டோரியாவை முதன்முதலாகப் பூக்கவைத்த தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன், இந்த நரம்பமைப்பைக் கூர்ந்து கவனித்தவர். 1851இல் லண்டனில் அவர் எழுப்பிய கண்ணாடி மாளிகையின் வடிவமைப்புக்கு இது தூண்டுதலாக இருந்தது.

பூ இரண்டு இரவுகள் மட்டுமே திறந்திருக்கும். முதல் நாள் மாலையில் வெள்ளையாக விரிந்து, பழ மணம் வீசி, வெப்பத்தையும் வெளியிடுகிறது. அந்த இரவில் அது பெண் நிலையில் இருக்கும். சூலகமுடி மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும். இந்தப் பேரினத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட விக்டோரியா அமேசோனிகாவில், மணத்தால் ஈர்க்கப்பட்ட வண்டுகள் உள்ளே நுழைந்ததும் பூ மூடிக்கொள்கிறது. மறுநாள் முழுவதும் வண்டுகள் உள்ளேயே அடைபட்டிருக்கின்றன. அதற்குள் மகரந்தப்பைகள் வெடித்து, பூ ஆண் நிலைக்கு மாறிவிடும். இரண்டாம் மாலை இளஞ்சிவப்பாகத் திறக்கும்போது, மகரந்தம் பூசிய உடலோடு வெளியேறும் வண்டுகள் வேறொரு வெள்ளைப் பூவைத் தேடிப் போகின்றன. பிறகு பூ நீரில் அமிழ்ந்து, காய் நீருக்கடியில் முற்றுகிறது.

இரண்டு என்று நிலைத்துப்போன கணக்கு

ஐரோப்பிய ஆய்வாளர்களில் முதலில் இந்தப் பேரல்லியைக் கண்டவர் தாதேயஸ் ஹான்கே. 1801இல் பொலிவியாவின் மாமோரே ஆற்றில் அவர் இதைப் பார்த்தார். 1832இல் எட்வார்ட் பொயெப்பிக் அமேசான் பகுதிச் செடியை விவரித்து, யூரியேல் அமேசோனிகா என்று பெயரிட்டார். யூரியேல் என்பது ஆசியாவின் முள்அல்லிப் பேரினம். இன்று கடைகளில் விற்கும் மக்கானா அதன் விதையிலிருந்தே வருகிறது. விக்டோரியாவுக்கு மிக நெருங்கிய உறவு அதுவே என்பதால், பொயெப்பிக்கின் கணிப்பில் பாதி உண்மை இருந்தது. 1837இல் ராபர்ட் ஷோம்பர்க், பிரிட்டிஷ் கயானாவின் பெர்பிஸ் ஆற்றில் இதே செடியைக் கண்டார். அதே ஆண்டு தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, பிரிட்டிஷ் அரசியின் பெயரால் விக்டோரியா என்ற புதிய பேரினத்தை ஏற்படுத்தினார். பின்னர் இரண்டு பெயர்களும் இணைந்து விக்டோரியா அமேசோனிகா என்றாயின.

1840இல் பிரெஞ்சு ஆய்வாளர் அல்சீத் தோர்பிஞி இரண்டாவது சிற்றினத்தை விவரித்தார். பொலிவியத் தலைவர் ஆந்திரேஸ் தே சாண்டா குரூஸைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு விக்டோரியா குரூசியானா என்று பெயர் அமைந்தது. பரானா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த அந்தச் செடி, அமேசான் செடியைவிடக் குளிரைத் தாங்கும். அதன் விதைகளை அங்குள்ள மக்கள் வறுத்தும் மாவாக்கியும் உண்டதால், நீர்ச்சோளம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

1845இல் தாமஸ் பிரிட்ஜஸ் பொலிவியாவின் யாக்குமா ஆற்றுப் பகுதியில் மாதிரிகளைச் சேகரித்தார். அவர் கொண்டுவந்த விதைகள் கியூ பூங்காவுக்குப் போயின. அவற்றுள் சில முளைத்தும் பிழைக்கவில்லை. உலர்த்திய மாதிரிகள் மட்டும் தொகுப்பில் தங்கின. அதுவரை அறியப்பட்ட சிற்றினங்களின் பெயராலேயே அவையும் அறியப்பட்டன. 1988 மார்ச்சில் மாமோரே வெள்ளம் பரவிய துணையாறு ஒன்றில், தாவரவியலாளர் ஸ்டீபன் பெக் மாலை வேளையில் இரண்டு பூக்களைக் கண்டார். வெள்ளைப் பூ பெண் நிலையிலும், இளஞ்சிவப்புப் பூ ஆண் நிலையிலும் இருந்தன. அவர் சேகரித்த மாதிரியும் புதிய சிற்றினமாக அப்போது உணரப்படவில்லை.

பிழைக்குக் காரணம் கவனக்குறைவன்று. உலர்தாவர மாதிரியை ஒட்டிவைக்கும் ஹெர்பேரியத் தாள் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. மூன்று மீட்டர் இலையை அதில் அடக்க முடியாது. ஒரு துண்டை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். நீர்ச்சத்து மிகுந்த பூ அழுத்தியதும் நசுங்கி, நிறமும் வடிவமும் போய்விடும். முட்கள் கையைக் கிழிக்கும். அதனால் சேகரிப்போர் இதைத் தவிர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய மாதிரிகள் சேரவில்லை. விக்டோரியாவில் இரண்டே சிற்றினங்கள் என்ற கணக்கு நூல்களில் நிலைத்துவிட்டது.

ஒப்பிட்டு அறிந்த மூன்றாவது

கியூ பூங்காவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்தலேனா 2006இல் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்தார். அதிலிருந்த செடி அறியப்பட்ட இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. 2016இல் சாண்டா குரூஸ் தெ லா சியரா தாவரவியல் பூங்காவும் லா ரின்கொனாடா தோட்டமும் கியூவுக்கு விதைகளை வழங்கின. அந்த விதைகள் மற்ற இரண்டு சிற்றினங்களின் பக்கத்தில், ஒரே கண்ணாடிக் கூடத்தில், ஒரே சூழலில் வளர்க்கப்பட்டன. நீரின் வெப்பமும் ஒளியும் மாறினால் ஒரே சிற்றினத்தின் செடிகளே வெவ்வேறு தோற்றம் கொள்ளும். சூழல் ஒன்றாக இருக்கும்போதும் வேறுபாடு நிலைத்தால், அது பிறவியிலேயே உள்ள வேறுபாடு. முட்கள் அமைந்த விதத்திலும், சூல்களின் எண்ணிக்கையிலும், விதையின் அளவிலும் வடிவிலும் பொலிவியச் செடி தனித்து நின்றது. அதன் சூல்கள் குறைவு, விதைகள் பெரியவை.

தாவர ஓவியர் லூசி ஸ்மித் மூன்று சிற்றினங்களையும் வரைந்தார். பூ இரவில் மலர்வதால், கண்ணாடிக் கூடத்தில் இரவு நேரத்தில் அமர்ந்து வரைய வேண்டியிருந்தது. ஒளிப்படத்தில் நிழலில் மறையும் உறுப்பையும் ஓவியம் தெளிவாகக் காட்டும். வெட்டிப் பிரித்த பூவின் உள்ளமைப்பை அளவு மாறாமல் அடுக்கிக் காட்டுவதால், விவரிப்பில் ஓவியமும் சான்றாகிறது. நட்டாலியா ப்ஷெலோம்ஸ்கா உள்ளிட்டோர் மரபணுவை ஆராய்ந்தனர். பொலிவியச் செடி குரூசியானாவுக்கு மிக நெருக்கமானது என்றும், இரண்டும் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றும் தெரியவந்தது. உருவமும் மரபணுவும் ஒரே முடிவைச் சொன்னபோது ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

பெயர் செல்லுபடியாகும் விதம்

புதிய தாவரத்துக்குப் பெயர் வைக்க யாரும் அனுமதி தருவதில்லை. ஆனால் விதிகள் கடுமையானவை. பேரினம், சிற்றினம் என்ற இரு பெயர்களும் லத்தீன் வடிவில் அமைய வேண்டும். எவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விவரிப்பு வெளியாக வேண்டும். 2011 முடியும்வரை அந்த விவரிப்பு லத்தீனில் இருப்பது கட்டாயம்; 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது வகைமாதிரி. அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு நிலையான ஆதாரமாக ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு, ஒரு தொகுப்பில் பாதுகாக்க வேண்டும். 1958 முதல் இது கட்டாயம். பிற்காலத்தில் ஐயம் வந்தால், முடிவுசெய்வது அந்த மாதிரிதான்.

இவ்விதிகளின்படி பிரான்டியர்ஸ் இன் பிளான்ட் சயின்ஸ் ஆய்விதழில் விக்டோரியா பொலிவியானா என்ற பெயர் வெளியானது. செடியின் தாயகத்தையும், ஆய்வில் பங்கேற்ற பொலிவியர்களையும் சிறப்பிக்கும் பெயர் அது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 தாவரச் சிற்றினங்கள் இவ்வாறு புதிதாக விவரிக்கப்படுகின்றன. அவற்றுள் பல, தொகுப்புகளில் நெடுங்காலம் வேறு பெயரில் இருந்தவை.

இருப்பிடமும் ஆபத்தும்

இந்த அல்லி இயற்கையாக வளரும் இடம், பொலிவியாவின் வடக்கே பெனி பகுதியிலுள்ள லானோஸ் தே மோஹோஸ். மழைக்காலத்தில் ஆறுகள் கரை கடந்து புல்வெளிகளை மூழ்கடிக்கும். வற்றும்போது ஏரிகளும் ஆற்றின் பழைய வளைவுகளும் நீரைத் தேக்கிக்கொள்ளும். இந்தப் பகுதியின் மூன்று சதுப்புநிலங்கள், மொத்தம் 69 லட்சம் ஹெக்டேர், 2013இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பரப்பு பெரிதானாலும் செடி காணப்படும் இடங்கள் குறைவு. காடழிப்பும் விவசாய விரிவாக்கமும் அந்நீர்நிலைகளை நெருங்கிவருகின்றன. எனவே, விவரித்த ஆய்வாளர்களே இதை அழிவுக்கு உள்ளாகக்கூடிய சிற்றினமாக மதிப்பிட்டனர். பெயர் பெறுவதற்கு முன் இது குரூசியானாவின் கணக்கிலோ அமேசோனிகாவின் கணக்கிலோ சேர்ந்திருந்தது. பொலிவியாவில் இது குறைந்தால்கூட ஒரு சிற்றினம் அழிகிறது என்று யாரும் எண்ண வழியில்லை. தனிப்பெயர் வந்த பிறகே அதன் இருப்பிடத்தை வரையறுக்கவும், எண்ணிக்கையைக் கவனிக்கவும், பாதுகாப்பு கோரவும் முடிகிறது. தாவரங்களைக் காக்கும் வேலையின் முதல் படி அவற்றைச் சரியாக விவரிப்பதே.

(தொடரும்)