கடல் கடந்தும் வாக்களிப்போம்

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த மலேசியர் தாமாகவே வாக்காளராகிறார். ஆனால் அஞ்சல் வாக்கு தானாக வராது; வெளிநாட்டில் பயிலும் நண்பர்கள் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 2022 பொதுத் தேர்தலில் அந்த விண்ணப்பம் வேட்புமனு நாளுக்கு முன்பே முடிந்தது. ஆகவே நாடாளுமன்றம் கலைந்த வாரமே விண்ணப்பியுங்கள் என்பேன்.

குறியிட்ட வாக்குச்சீட்டை 'ஏ' உறையிலிட்டு ஒட்டுங்கள். இரண்டாம் பாரத்தில் நீங்களும் சாட்சியான மலேசியர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். பாரத்தையும் 'ஏ' உறையையும் 'பி' உறையில் வையுங்கள். பாரம் குறைபட்டால் வாக்கு நிராகரிக்கப்படும்.

அனுப்பிய நாள் கணக்கில் வராது. வாக்களிப்பு நாளன்று, குறித்த நேரத்துக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர்ந்த உறையே எண்ணப்படும். விரைவுத் தபாலுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

உள்நாட்டில் பயிலும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு 2022இல் இவ்வசதி இல்லை. நமக்குப் பேருந்துச் சீட்டே வாக்குச்சீட்டு, முன்பதிவு செய்துவிடுங்கள்!