ஒரு தாடையில் 526 பற்கள்

மனிதனுக்கு எத்தனை பற்கள்? பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்று உடனே விடை கூறுவீர்கள். ஆனால் 2019 ஜூலையில், சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்தார்கள்!

மூன்று வயதிலேயே அவனுடைய வலப்பக்கத் தாடை சற்று வீங்கியிருந்தது. சின்னக் குழந்தையாயிற்றே, பரிசோதனைக்கு அசையாமல் உட்கார மறுத்துவிட்டான். வீக்கம் பெரிதான பின்பு மீண்டும் அழைத்து வந்தார்கள். படமெடுத்துப் பார்த்தால், எலும்புக்குள் ஒரு பை. பை நிறையப் பற்கள்! மருத்துவர்கள் தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல், மேலிருந்து துளையிட்டுப் பையை வெளியே எடுத்தனர். அதன் எடை சுமார் 200 கிராம். அதைப் பிரித்துப் பற்களை எண்ணி முடிக்கவே பல மணி நேரம் ஆயிற்று. கடுகைவிடச் சிறிய பற்களும் அதில் இருந்தன. ஆயினும் அவற்றில் எனாமல் போர்த்திய தலையும் வேர் போன்ற பகுதியும் காணப்பட்டன.

எங்கிருந்து வந்தன?

தாயின் வயிற்றில் கரு ஆறு வாரமாக இருக்கும்போதே பல் உருவாகும் வேலை தொடங்கிவிடுகிறது. வாயின் மேற்புறத் திசு உள்நோக்கிப் புடைத்து மொட்டுப் போலாகிறது. அந்த மொட்டும் அதன் அடியிலுள்ள திசுவும் வேதிப்பொருள்கள் மூலம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. மொட்டின் செல்கள் எனாமலை உண்டாக்குகின்றன. அடித்திசுவின் செல்கள் உள்ளேயுள்ள டென்டினை உண்டாக்குகின்றன. ஒரு மொட்டுக்கு ஒரு பல் என்பதே கணக்கு.

மிக அரிதாக இந்தக் கணக்கு பிசகிவிடும். நீலகிரியில் எமரால்டு பக்கத்துக் கேரட் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விதை நெருக்கமாக விழுந்து, செடிகளைக் கலைத்துவிடாமல் போனால் என்ன ஆகும்? ஒரு நல்ல கிழங்கு விளைய வேண்டிய இடத்தில் ஒல்லிக் கிழங்குகள் கும்பலாக இருக்கும். அவையும் கேரட்தான், ஆனால் பயன் இல்லை. அதுபோலப் பல்லாக்கும் திசு வரம்பில்லாமல் பல்லை ஆக்கிக்கொண்டே போவதால் வரும் கட்டிக்கு ‘ஓடான்டோமா’ என்று பெயர். இப்பெயரை 1867-இல் வழங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. சிலவற்றில் குட்டிப் பற்கள் தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் எனாமலும் டென்டினும் உருவமின்றிக் குழம்பிக் கிடக்கும்.

இது புற்றுநோய் அன்று. உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவுவதில்லை. முழுதாக எடுத்துவிட்டால் மீண்டும் வருவது மிக அரிது.

நிழல் சொல்லும் செய்தி

எலும்புக்குள் மறைந்திருப்பதை எப்படிக் கண்டார்கள்? 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர்களால்தான். தசையில் மிகுதியாக உள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. பல்லிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. ஓர் அணு எக்ஸ்-கதிரை உட்கவரும் திறன், பெரும்பாலும் அணு எண்ணின் முப்படியையும் தாண்டி உயர்கிறது. 20-ஐ 8-ஆல் வகுத்து முப்படி எடுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 16 வரும். எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்பு. ஆகவே எலும்பைவிடவும் பளிச்சென்ற வெண்மையாகப் பல் படத்தில் விழுகிறது.

பல்லாக்கும் திசுவிலிருந்து ‘அமலோபிளாஸ்டோமா’ என்ற இன்னொரு கட்டியும் வருவதுண்டு. இதுவும் பெரும்பாலும் பரவாது. ஆனால் இது அவ்வளவு சாது அன்று. வலியே இல்லாமல் தாடை எலும்பை அரித்துக்கொண்டு வளரும். சிறிது மிச்சம் வைத்தாலும் திரும்ப வரும். எனவே, ‘வலிக்கவில்லையே’ என்று தாடை வீக்கத்தை விட்டுவைப்பது சரியல்ல.

கண்ணாடி முன் நின்று உங்கள் பற்களையும், தம்பி தங்கையரின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதத்திற்கு மேலாகியும் மறுபக்கத்தில் அதன் இணைப் பல் வரவில்லையா? பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது வெறும் தாமதமாகவே இருக்கும். சில சமயம், வரவேண்டிய பல்லின் வழியை ஓர் ஓடான்டோமா அடைத்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு எக்ஸ்-கதிர்ப் படம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.