சுருதி சொல்லும் பெட்டி

பெங்களூரில் காக்ஸ் டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. அங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாகசுரம் வாசிக்கிறார்கள். தவில் முழங்குகிறது. பக்கத்தில் ரேடியோ மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒலி விடாமல் வருகிறது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் மின்னணுச் சுருதிப் பெட்டி. அது பிறந்த ஊரும் பெங்களூர்தான்.

சுருதி எதற்கு?

சுவர் கட்டும் கொத்தனார் என்ன செய்கிறார்? நூல் பிடிக்கிறார். நூல் இல்லை என்றால் சுவர் கோணலாகிவிடும். பாட்டுக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். அதுதான் சுருதி. பாடுகிறவர் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே பாடுவார். குரல் விலகினால் உடனே தெரிந்துவிடும். "சுருதி மாதா, லயம் பிதா" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பழைய காலத்தில் எப்படி?

கச்சேரியில் தம்புரா மீட்டுவார்கள். தம்புராவில் நான்கு கம்பிகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தஞ்சாவூரில் பலா மரத்தில் தம்புரா செய்கிறார்கள். அதன் விலை அதிகம். பஸ்ஸில் கொண்டு போவது கஷ்டம். வெயில், ஈரம் பட்டால் சுருதி மாறிவிடும்.

நாகசுரத்துக்கு ஒத்து என்ற குழல் உண்டு. ஒருவர் அதை மூச்சு விடாமல் ஊதுவார். கடினமான வேலை அது.

பிறகு துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. அதைக் கையால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனியாகப் புல்லாங்குழல் பழகுகிறவர் என்ன செய்வார்? அவருக்கு இரண்டு கையும் குழலில் அல்லவா இருக்கிறது!

பொறியாளர் கண்ட வழி

ஜி. ராஜ் நாராயண் ஒரு மின்னணுப் பொறியாளர். புல்லாங்குழல் கலைஞரும் கூட. கலைஞரின் கஷ்டம் அவருக்குத் தெரியும். மின்சாரத்தின் வேலையும் தெரியும். 1979-ல் அவர் பெங்களூரில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். ரேடல் என்ற அவருடைய நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. தாளம் போடும் கருவியும் மின்னணு வீணையும் அங்கிருந்து வந்தன.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒலி என்பது அதிர்வு. கம்பி அதிர்ந்தால் காற்று அதிரும். காற்று அதிர்ந்தால் காதில் ஒலி கேட்கும்.

பெட்டிக்குள் கம்பி இல்லை. மின்சுற்று இருக்கிறது. அதில் மின்சாரம் வேகமாக முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவு ஸ்பீக்கருக்குப் போகிறது. ஸ்பீக்கரில் உள்ள கூம்பு அதிர்கிறது. ஒலி வருகிறது.

'ச' நொடிக்கு 200 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'ப' 300 முறை அதிரும். மேல் 'ச' 400 முறை அதிரும். இந்தக் கணக்கு மாறாது. திருகைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து ஏறும், இறங்கும். அவரவர் குரலுக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்ளலாம்.

ராமன் கண்டது

ஆனால் தம்புராவின் ஒலியில் ஒரு தனி ரீங்காரம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது? திருச்சியில் பிறந்த விஞ்ஞானி சர் சி.வி. ராமன் இதை ஆராய்ந்தார். 1921-ல் தம்புரா, வீணை பற்றிக் கட்டுரை எழுதினார். தம்புராவின் குதிரை தட்டையாக, சற்றே வளைந்து இருக்கிறது. கம்பிக்குக் கீழே ஒரு சிறு நூலும் உண்டு. இதனால் ஒரே கம்பியிலிருந்து பல நுண்ணிய ஒலிகள் சேர்ந்து எழுகின்றன. ராமன் 1930-ல் நோபல் பரிசு பெற்றார். 1933-ல் பெங்களூருக்கு வந்தார். கடைசி வரை அங்கேயே வாழ்ந்தார்.

இந்த ரீங்காரத்தைப் பெட்டியில் கொண்டு வருவது எளிதல்ல. பிறகு வந்த சில பெட்டிகளில் உண்மையான தம்புராவின் ஒலியையே பதிவு செய்து வைத்தார்கள். இப்போது செல்போனிலும் தம்புரா ஒலி கிடைக்கிறது.

லாபமா, நஷ்டமா?

ஏழை வீட்டுப் பிள்ளையும் இன்று சுருதியோடு பாடிப் பழகலாம். தனியாக உட்கார்ந்து பழகலாம். இது பெரிய நன்மை.

ஆனால் பல நாகசுரக் குழுக்களில் இன்று ஒத்து ஊதுபவர் இல்லை. அந்தக் கூலியும் இல்லை. ஒத்து ஊதும் பையன் பெரியவர்கள் பக்கத்தில் நின்று கேட்டே வித்தை கற்றுக்கொள்வான். அந்த வாய்ப்பும் குறைந்துவிட்டது. பெட்டி சுருதி சொல்லும். வித்தையைச் சொல்லித் தராது. அதை ஆள்தான் ஆளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் ஒத்து ஊதுபவர் இருக்கிறாரா?
2. இயந்திரம் வந்ததால் உங்கள் ஊரில் எந்த வேலை எளிதாயிற்று? எந்த வேலை போயிற்று?
3. வேலை போனவருக்கு ஊர் என்ன செய்யலாம்?